ஆம்பளை அழுறது நார்மலா பிரதர்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரசு மருத்துவமனையில் ஆண் நர்ஸை "பிரதர்" என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்தாறு வருடம் நான் அந்தப் பெயரில்தான் இருந்தேன். அதில் பெரும்பகுதி ஆண்கள் வார்டு, அதிலும் நைட் டூட்டி. பகலெல்லாம் சாம்பாரில் உப்பில்லை என்று கத்தின மனிதர், ராத்திரி இரண்டு மணிக்குப் போர்வையைத் தலை வரைக்கும் இழுத்துக்கொண்டு குலுங்குவார். டிரிப்ஸ் பாட்டில் மாற்றப் போகும்போது கண்ணில் பட்டுவிடும். காலையில் பிபி பார்க்கும்போது, பக்கத்துக் கட்டில்காரர் தூங்குகிறாரா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்பார்.

ரிட்டயர் ஆன பிறகும் இதே கேள்விகள் வருகின்றன. தெருவில் ஆண்கள் கேட்கிறார்கள், போனில் அவர்கள் வீட்டுப் பெண்கள் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதில் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளை அவரவர் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன்.

பிரதர், ஆம்பளை அழுறது நார்மல்தானா?

நார்மல்தான். கண்ணுக்கு மேலே, வெளிப்பக்க ஓரத்தில், பாதாம்பருப்பு அளவுக்கு ஒரு சுரப்பி இருக்கிறது. அது ஆணுக்கும் உண்டு, பெண்ணுக்கும் உண்டு. கண் காய்ந்துபோகாமல் எந்நேரமும் கொஞ்சம் ஊறும். தூசி விழுந்தால், வெங்காயம் நறுக்கினால் பொங்கும். மனசு கலங்கினாலும் பொங்கும். இந்த மூன்றாவது வகைக்கு மட்டும்தான் நம் ஊரில் ஆண், பெண் கணக்குப் பார்க்கிறோம்.

என் வார்டில் கட்டிலோடு விலங்கு போட்டிருந்த கைதி அழுதிருக்கிறார். அவருக்குக் காவலாக ஸ்டூலில் உட்கார்ந்திருந்த போலீஸ்காரர் இன்னொரு ராத்திரி அழுதார். கந்துவட்டிக்காரர், லாரி டிரைவர், தலைமையாசிரியர், பூசாரி, எல்லாரும்தான். "நான் ஒருத்தன்தான் இப்படியா?" என்று அவர்களில் ஒவ்வொருவரும் கேட்டதுதான் வேடிக்கை. ஏழாம் நம்பர் கட்டில்காரரும் எட்டாம் நம்பர் கட்டில்காரரும் ஒரே வாரத்தில் தனித்தனியாகக் கேட்டார்கள்.

அப்புறம் ஏன் பொம்பளைங்க அளவுக்கு நாம அழுறதில்லை?

அளவில் வித்தியாசம் இருப்பது உண்மை. 1980களில் அமெரிக்காவின் மினசோட்டாவில் வில்லியம் ஃப்ரே என்ற உயிர்வேதியியலாளர், ஆட்களிடம் எப்போதெல்லாம் அழுதோம் என்று குறித்துவைக்கச் சொல்லிக் கணக்கெடுத்தார். பெண்கள் மாதத்துக்குச் சராசரியாக 5 தடவைக்குக் கொஞ்சம் மேல், ஆண்கள் ஒரு தடவைக்குக் கொஞ்சம் மேல். கவனியுங்கள், ஆண்கள் கணக்கு பூஜ்யம் இல்லை.

பத்து வயது வரை பையனும் பொண்ணும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் அழுகிறார்கள். பிரிவு அதற்குப் பிறகுதான் வருகிறது. பையனுக்கு டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் ஏறுகிற வயது அது, அதற்கும் இதில் பங்கு இருக்கலாம். ஆனால் "என்னடா பொட்டப்புள்ள மாதிரி" என்ற வசனம் வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும் ஏறுகிற வயதும் அதுதான்.

நெதர்லாந்தின் டில்பர்க் பல்கலைக்கழகத்தில் ஆட் ஃபிங்கர்ஹூட்ஸ் என்பவர் அழுகையை மட்டுமே பல வருடம் ஆராய்ந்தவர். அவர் குழு 37 நாடுகளில் விசாரித்ததில் ஒரு விஷயம் தெரியவந்தது. கஷ்டம் அதிகமுள்ள நாடுகளில் மக்கள் அதிகம் அழுவார்கள் என்றுதானே நினைப்போம்? நேர்மாறு. வசதியும் சுதந்திரமும் உள்ள நாடுகளில்தான் அதிகம் அழுகிறார்கள். அழுதால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள் என்ற தைரியம் இருக்கிற இடத்தில்தான் கண்ணீர் வெளியே வருகிறது. எங்கள் வார்டில் விளக்கணைத்த பிறகு வந்த மாதிரி.

அழுகையை அடக்கும்போது தொண்டையில உருண்டை மாதிரி அடைக்குதே, அது என்ன?

உருண்டை எதுவும் கிடையாது. மனசு பதறும்போது, நிறையக் காற்றை இழுப்பதற்காக உடம்பு குரல்வளை வாயைத் திறந்தே வைக்கப் பார்க்கிறது. எச்சில் விழுங்கவோ அதை மூட வேண்டும். திறக்கிற வேலையும் மூடுகிற வேலையும் ஒரே நேரத்தில் இழுபறியாவதுதான் அந்த அடைப்பு. ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தால் இறங்கும். மேடையில் பேசுகிறவர்கள் நா தழுதழுத்தால் தண்ணீர் டம்ளரைத் தேடுவது இதனால்தான்.

மூக்கு ஒழுகுவதற்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். கண்ணின் உள்மூலையிலிருந்து மூக்குக்குள் ஒரு சின்னக் கால்வாய் போகிறது. வழிகிற கண்ணீரில் ஒரு பங்கு அந்த வழியாக இறங்கிவிடும். கண்ணைத் துடைக்காமல் மூக்கை மட்டும் உறிஞ்சிக்கொண்டு "ஜலதோஷம்" என்று சொல்கிற ஆண்கள் பாதி உண்மைதான் சொல்கிறார்கள்.

எதுக்குத்தான் பிரதர் ஆம்பளைங்க அதிகமா அழுறாங்க?

வலிக்கு என்று நினைப்பீர்கள். நான் பார்த்தவரை வலிக்குக் குறைவு. கால் முறிந்து வருகிறவர் கத்துவார், கெட்ட வார்த்தையில் திட்டுவார், ஆனால் அழமாட்டார். பணத்துக்கு அழுவார்கள். பணம் போனதற்குக்கூட அவ்வளவு இல்லை. பணம் இல்லாதது மற்றவர்களுக்குத் தெரிந்துவிட்டதே, அதற்குத்தான். நகைக்கடன் நோட்டீஸ் வீட்டுக்கு வந்து அதை மகன் படித்துவிட்டான் என்று அழுத ஒருவரை எனக்குத் தெரியும்.

அதைவிட அதிகம், அடுத்தவர் கையை எதிர்பார்த்துப் படுத்திருக்கும் நிலைக்கு. ஒரு கொத்தனார், சாரம் சரிந்து விழுந்து இடுப்பெலும்பு உடைந்து வந்தவர். மூன்று நாள் கண்ணில் ஈரமே இல்லை. நான்காம் நாள் அவர் மனைவி ஊருக்குப் போயிருந்தபோது, ப்ளஸ் டூ படிக்கிற மகள் பெட்பேன் வைக்க வந்தாள். அவரால் உடம்பைத் திருப்ப முடியாது. முகத்தை மட்டும் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அந்தச் சுவரில் பச்சை பெயின்ட் உரிந்த இடம் ஒன்று உண்டு. அதை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தார். அந்தப் பெண் ஒன்றும் பேசாமல் வேலையை முடித்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து, டிபன் பாக்ஸைத் திறந்து, "அப்பா, இட்லிக்குச் சட்னியா பொடியா?" என்று கேட்டாள். அதற்கப்புறம்தான் மனிதர் வாய்விட்டு அழுதார்.

இதைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். திட்டினால் தாங்குகிறவர்கள் "சாப்டீங்களா?" என்று கேட்டால் உடைந்துவிடுகிறார்கள்.

மருத்துவமனைக்கு வெளியே என்றால் சாவும் கல்யாணமும். சாவு வீட்டில் பெண்களுக்கு ஒப்பாரி இருக்கிறது, கட்டிப்பிடித்துக்கொள்ள ஆள் இருக்கிறது. ஆண்களுக்கு வேலைதான் இருக்கிறது. பந்தல், ஐஸ் பெட்டி, பாடை, வெளியூருக்குப் போன். சுடுகாட்டில், எரு அடுக்கி முகத்தை மூடுவதற்கு முன் "முகம் பாக்கிறவங்க பாத்துக்கங்க" என்று ஒரு குரல் கொடுப்பார் பாருங்கள், அதுவரை நாலு பேரை விரட்டி வேலை வாங்கிய மனிதர் அங்கேதான் உட்கார்ந்துவிடுவார். கல்யாணத்தில், பெண்ணைத் தாரை வார்க்கும்போது சமாளித்த அப்பா, கார் கிளம்பும் நேரம் சமையல்காரருக்குக் கணக்குத் தீர்க்கப் போய்விடுவார்.

விளையாட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1996 மார்ச் 13, கொல்கத்தா ஈடன் கார்டன், கிரிக்கெட் உலகக் கோப்பை அரையிறுதி, இந்தியாவும் இலங்கையும். கூட்டம் கலாட்டா செய்து ஆட்டம் நின்று, வெற்றி இலங்கைக்கு என்று அறிவித்தபோது நம் பேட்ஸ்மேன் வினோத் காம்ப்ளி அழுதுகொண்டே மைதானத்தைவிட்டு வெளியே வந்தார். டிவியில் அதைப் பார்த்த என் மாமா, சொத்துத் தகராறில் சொந்தத் தம்பியோடு பேச்சை நிறுத்தியபோதுகூடக் கலங்காதவர், துண்டால் கண்ணைத் துடைத்தார். கிரிக்கெட்டுக்கு அழுதால் யாரும் கேலி செய்யமாட்டார்கள் இல்லையா.

பெரிய விஷயத்துக்கு அழாம, ஒண்ணுமில்லாததுக்கு அழுதுட்டேன். மண்டையில ஏதாச்சும் கோளாறா?

கோளாறில்லை. என் அனுபவத்தில் ஆண்களுக்கு இதுதான் வழக்கமான பாதை. நேராக வராது, சுற்றிக்கொண்டு வரும். பெரிய துக்கம் வரும்போது கையில் வேலை இருக்கும், பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அன்றைக்கு உள்ளே போனது வேறொரு நாள், காவல் இல்லாத வாசலாகப் பார்த்து வெளியே வரும்.

என் கதையைச் சொல்கிறேன். அப்பா இறந்தபோது கொள்ளி வைத்தது நான்தான், அழவில்லை. ஒரு மாதம் கழித்து ரேஷன் கார்டில் பெயர் நீக்க இ-சேவை மையத்துக்குப் போனேன். இறப்புச் சான்றிதழ் நகலை வாங்கிக்கொண்டு, அங்கிருந்த பெண் கம்ப்யூட்டரில் எங்கள் வீட்டு ஐந்து பெயர்களையும் வரிசையாகக் கொண்டுவந்தாள். அப்பா பெயருக்கு நேராக அம்புக்குறியை நிறுத்திவிட்டு, "இவரைத்தானே சார் எடுக்கணும்?" என்று கேட்டாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வரவில்லை. பின்னால் பட்டா மாறுதலுக்கு நின்றிருந்தவர் என் தோளைத் தொட்டு நாற்காலியில் உட்காரவைத்தார். அந்தப் பெண் தன் தண்ணீர் பாட்டிலை நகர்த்திவைத்துவிட்டு அடுத்தவர் வேலையைப் பார்க்க ஆரம்பித்தாள். அன்றைக்கு அவள் செய்ததுதான் சரியான சிகிச்சை என்று இன்றும் நினைக்கிறேன்.

எங்கப்பா சாவுக்கு ஒரு சொட்டுகூட வரல. சொந்தக்காரங்க ஒரு மாதிரி பாக்குறாங்க. நான் கல்நெஞ்சக்காரனா?

போன பதிலைப் படியுங்கள். உங்கள் இ-சேவை மையம் இன்னும் வரவில்லை, அவ்வளவுதான். சிலருக்கு வராமலும் போகும், அதுவும் குறையில்லை. இரண்டு வருடம் படுக்கையில் கிடந்த அப்பாவைப் பார்த்துக்கொண்ட மகனுக்குச் சாவன்று அழுகை வராமல், ஒரு நிம்மதி வந்து, அந்த நிம்மதிக்காகக் குற்றவுணர்ச்சி வருவது ரொம்பச் சகஜம். அவர் தவணை முறையில் ஏற்கெனவே அழுது முடித்திருப்பார்.

கவனிக்க வேண்டியது கண்ணீரை இல்லை. சாப்பாடு, தூக்கம், வேலை மூன்றும் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். மாதக்கணக்கில் மூன்றும் தடுமாறினால், டாக்டரிடம் எப்போது போவது என்று கீழே எழுதியிருப்பதைப் பாருங்கள்.

சந்தோஷத்துல ஏன் கண்ணு கலங்குது?

இழுத்துப் பிடித்திருந்த உடம்பு பிடியை விடுகிற நேரம் அது. பிரசவ அறை வாசலில் "பொண்ணு பிறந்திருக்கு, ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க" என்று சொன்னதும் அழாத தகப்பன்களை நான் குறைவாகத்தான் பார்த்திருக்கிறேன். சந்தோஷமும் துக்கமும் கலந்து வருவதும் உண்டு. 2022 செப்டம்பரில் லண்டனில் டென்னிஸ் வீரர் ரோஜர் ஃபெடரர் கடைசி ஆட்டம் ஆடி முடித்தபோது, பக்கத்தில் உட்கார்ந்து அவரோடு சேர்ந்து அழுதது ரஃபேல் நடால், இத்தனை வருடம் எதிராளியாக நின்றவர்.

அழுதா மனசு லேசாகும்கிறாங்க. எனக்குத் தலைவலிதான் வருது. எது உண்மை?

இரண்டும் உண்மை. நேரக்கணக்கு இருக்கிறது. ஃபிங்கர்ஹூட்ஸ் குழு 2015-ல் சிலருக்கு உருக்கமான படம் போட்டுக் காட்டி, முன்னும் பின்னும் மனநிலையை அளந்தது. அழுதவர்களுக்கு, படம் முடிந்த கையோடு மனநிலை இறங்கியிருந்தது. 20 நிமிடத்தில் பழைய நிலைக்கு வந்தது. ஒன்றரை மணி நேரத்தில், படம் பார்ப்பதற்கு முன்பு இருந்ததைவிட நன்றாகவே இருந்தது. ஆக, அழுத உடனே கண்ணாடியைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். முகம் கழுவி, தண்ணீர் குடித்து, ஒரு மணி நேரம் விடுங்கள்.

யார் முன்னால் அழுதீர்கள் என்பதும் முக்கியம். கேலி செய்கிறவர் முன்னால் அழுதால் லேசாகாது, கனம்தான் கூடும். அப்புறம், "கண்ணீர் வழியாக உடம்பின் விஷம் வெளியேறுகிறது" என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பாதீர்கள். உணர்ச்சிக் கண்ணீரில் புரதம் கொஞ்சம் அதிகம் என்று ஃப்ரே அளந்து சொன்னார். விஷம் கழிகிறது என்று யாரும் நிரூபிக்கவில்லை. கழிக்கும் வேலைக்குச் சிறுநீரகம் இருக்கிறது.

"அழுகிற ஆம்பளையையும் சிரிக்கிற பொம்பளையையும் நம்பாதே"ன்னு பெரியவங்களே சொல்லியிருக்காங்களே?

சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பழமொழியில் பாதியை, சிரிக்கிற பெண் பற்றியதை, இன்றைக்கு யாராவது மேடையில் சொன்னால் சும்மா விடுவோமா? மற்ற பாதியை மட்டும் ஏன் பத்திரமாக வைத்திருக்கிறோம் என்று தெரியவில்லை.

அதைவிடப் பழைய பெரியவர்கள் வேறு மாதிரி சொல்லியிருக்கிறார்கள். திருக்குறளில் படைச்செருக்கு அதிகாரத்தின் கடைசிக் குறளை எடுத்துப் பாருங்கள். தன்னைக் காத்த தலைவனின் கண்ணில் நீர் பெருகும்படி ஒரு வீரன் சாக முடிந்தால், அந்தச் சாவைப் பிச்சை கேட்டாவது வாங்கிக்கொள்ளலாம் என்கிறார் வள்ளுவர். அழுகிறவன் அரசன், அதுவும் வீரத்தைப் பற்றிய அதிகாரத்தில். பாரி இறந்து, பறம்பு மலையைவிட்டு வெளியேறும்போது கண்ணில் நீர் வழிவதைக் கபிலர் தானே புறநானூற்றில் பாடிவைத்திருக்கிறார். யாரும் அவரை நம்பாமல் இருந்ததாகத் தெரியவில்லை.

நடிப்பு அழுகை உண்டா என்றால் உண்டு. 2014 செப்டம்பரில் சென்னையில் அமைச்சர்கள் அழுதுகொண்டே பதவிப் பிரமாணம் எடுத்ததைப் பார்த்து ஊரே இது நிஜமா நடிப்பா என்று பட்டிமன்றம் நடத்தியது. கண்ணீரை மட்டும் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது. அதற்குப் பிறகு அந்த ஆள் என்ன செய்கிறார் என்று பார்க்க வேண்டும். இது பெண்ணுக்கும் பொருந்தும்.

அண்ணா, எங்க வீட்டுக்காரர் குடிச்சா மட்டும் அழுறார். காலையில கேட்டா ஒண்ணுமில்லைங்கிறார்.

மூளையில் "இதைச் சொல்லாதே, அதைச் செய்யாதே" என்று காவல் காக்கிற பகுதியைத்தான் சாராயம் முதலில் தூங்கவைக்கிறது. காவலாளி தூங்கினால் உள்ளே இருப்பது வெளியே வரும். அதனால் அந்த அழுகை முழுப் பொய் இல்லை. ஆனால் அந்த நேரத்தில் ஆறுதல் சொல்லியோ சண்டை போட்டோ பயனில்லை, மறுநாள் பாதி நினைவிருக்காது. அவர் புலம்பலில் திரும்பத் திரும்ப எந்தப் பெயர், எந்தத் தொகை, எந்தச் சம்பவம் வருகிறது என்று மட்டும் கவனித்துவையுங்கள். இரண்டு நாள் கழித்து, குடிக்காத சாயங்காலம் ஒன்றில், அந்த ஒரு விஷயத்தை மட்டும் கேளுங்கள்.

அழுவதற்காகவே குடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். டாஸ்மாக் மேஜையில் அழுதால் "போதைப்பா" என்று விட்டுவிடுவார்கள், அந்தச் சலுகை வேறெங்கும் கிடைப்பதில்லை. ஆனால் குடி மனச்சோர்வைக் கூட்டும், கூடின சோர்வு மறுபடி குடியைக் கேட்கும். இந்தச் சுழலுக்கு அரசு மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவில் சிகிச்சை உண்டு.

மீட்டிங்ல மேனேஜர் முன்னாடி அழுதுட்டேன். நாளைக்கு எந்த மூஞ்சியோட போறது?

இதே மூஞ்சியோடுதான். 2019 செப்டம்பர் 7 காலையில், பெங்களூரில், இஸ்ரோ தலைவர் கே. சிவன் பிரதமரின் தோளில் சாய்ந்து தேம்பியதை நாடே நேரலையில் பார்த்தது. சந்திரயான் 2-ன் விக்ரம் லேண்டர் நிலவுக்கு 2 கிலோமீட்டர் உயரத்தில் தொடர்பை இழந்திருந்தது. குமரி மாவட்டத்து விவசாயி மகன், அத்தனை கேமரா முன்னால். அதற்குப் பிறகும் அவர் 2022 ஜனவரி வரை அதே நாற்காலியில்தான் இருந்தார். 2023 ஆகஸ்ட் 23-ல் சந்திரயான் 3 இறங்கிவிட்டது.

நாளைக்குப் போய் விளக்கம் கொடுக்காதீர்கள், மன்னிப்பும் கேட்காதீர்கள். யாராவது கேட்டால் "நேத்து கொஞ்சம் கஷ்டமா இருந்துச்சு, இப்ப சரி" என்று சொல்லிவிட்டு வேலைப் பேச்சுக்கு வந்துவிடுங்கள். ஒரு வாரத்தில் வேறொருவர் கதை வந்துவிடும்.

அறுபது தாண்டினதிலிருந்து சீரியல் பாத்தாலே கண்ணு நிறையுது தம்பி. வயசானா இப்படித்தானா?

பலருக்கு அப்படித்தான். டெஸ்டோஸ்டிரோன் வயதோடு மெல்லக் குறைகிறது. வேலையும் இல்லை, விறைப்பாக இருந்து காட்ட ஆளும் இல்லை. பேரன் பேத்தி வந்த பிறகு கண்ணீர் சுலபமாகிவிட்ட தாத்தாக்கள் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். புராஸ்டேட் புற்றுநோய்க்கு ஹார்மோனைக் குறைக்கும் ஊசி போடுகிறவர்களுக்குத் திடீரென்று உடம்பு கொதிப்பதும் அடிக்கடி அழுகை வருவதும் தெரிந்த பக்கவிளைவுகள். ஊசி போடும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

மனசு கலங்காமலே கண்ணில் நீர் வழிந்தால் அது வேறு விஷயம், கண் டாக்டர் வேலை. முன்பு சொன்ன மூக்குக் கால்வாய் அடைத்திருக்கலாம், இமை தளர்ந்திருக்கலாம், கண் வறட்சி இருந்தாலும் நீர் கொட்டும். முகவாதம் வந்து குணமான சிலருக்குச் சாப்பிடும்போது மட்டும் ஒரு கண்ணில் நீர் வரும். உமிழ்நீருக்குப் போக வேண்டிய நரம்பு வழிமாறிக் கண்ணீர்ச் சுரப்பிக்குப் போய் முளைத்துவிடுவதால் வருவது. மருத்துவத்திலும் அதற்கு முதலைக் கண்ணீர் என்றுதான் பெயர். ஒரு பெரியவர், மருமகள் சமையலைச் சாப்பிட்டால் அழுகிறார் என்று வீட்டில் பெரிய சண்டையாகி வந்தார்கள். சண்டைக்குக் காரணம் நரம்புதான்.

ஸ்ட்ரோக் வந்ததிலிருந்து அண்ணன் காரணமே இல்லாம அழுறார். பேரு கேட்டா அழுறார், டீ குடுத்தா அழுறார். மனசு உடைஞ்சுட்டாரா?

உடைந்திருக்கலாம், ஆனால் இது பெரும்பாலும் வேறு. பக்கவாதத்துக்குப் பிறகு, அழுகையையும் சிரிப்பையும் கட்டுப்படுத்துகிற மூளைப்பாதை பழுதாகிவிடுவது உண்டு. பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இது வருகிறது. சட்டென்று தொடங்கும், ஒன்றிரண்டு நிமிடத்தில் சட்டென்று நிற்கும், உள்ளே அந்த அளவுக்குத் துக்கம் இருக்காது. சிலருக்கு அழுகைக்குப் பதில் சிரிப்பு வரும், அதுவும் சாவு வீட்டில். தலையில் அடிபட்டவர்களுக்கும் சில நரம்பு நோய்க்காரர்களுக்கும்கூட இது உண்டு.

"ஏன்ணே அழுற, என்ன குறை உனக்கு?" என்று சுற்றி நின்று கேட்காதீர்கள், அது இன்னும் கூட்டும். ஒன்றும் நடக்காத மாதிரி பேச்சை மாற்றுங்கள், நிமிர்ந்து உட்கார்ந்து மூச்சை மெதுவாக விடச் சொல்லுங்கள். நரம்பியல் டாக்டரிடம் இதைத் தனியாக எடுத்துச் சொல்லுங்கள். மாத்திரைகள் இருக்கின்றன, நன்றாகவே கேட்கும். வருகிறவர்களிடம் "இது நோய், அவர் வருத்தப்படலை" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் அண்ணனுக்குப் பாதி மானம் திரும்பக் கிடைக்கும்.

எனக்கு அழணும்போல இருக்கு, வரவே மாட்டேங்குது.

மனச்சோர்வு முற்றினவர்களில் சிலருக்கு அழுகை அதிகமாகாமல் வற்றிப்போகும். மனச்சோர்வுக்குக் கொடுக்கிற சில மாத்திரைகளும் உணர்ச்சியை மழுங்கடிக்கலாம். மாத்திரை காரணம் என்று தோன்றினால் டாக்டரிடம் சொல்லி அளவை மாற்றுங்கள், நீங்களாகத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள். இந்த இரண்டும் இல்லையென்றால் வற்புறுத்தாதீர்கள். வரவழைக்கிற பயிற்சி என்று எதுவும் எனக்குத் தெரியாது. தனியாக இருக்க நேரம் மட்டும் ஒதுக்குங்கள்.

எப்போ டாக்டர்கிட்ட போகணும்?

இரண்டு வாரத்துக்கு மேல், பெரும்பாலான நாட்கள் மனசு சோர்ந்தோ எதிலும் நாட்டமில்லாமலோ இருந்தால், கூடவே தூக்கம், பசி, வேலை கெட்டிருந்தால், போங்கள். ஆண்களுக்கு மனச்சோர்வு அழுகையாகவே வர வேண்டும் என்பதில்லை. எரிச்சல், கோபம், குடி கூடுதல், வண்டியைத் தாறுமாறாக ஓட்டுதல் என்று வேஷம் போட்டு வரும். தைராய்டு குறைந்தாலும் மனசு சோரும், ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

"நான் இல்லாட்டி எல்லாருக்கும் நிம்மதி" என்ற மாதிரி பேச்சு வந்தால் இரண்டு வாரம் காத்திருக்காதீர்கள், அன்றைக்கே. 2022-ல் இந்தியாவில் தற்கொலை செய்துகொண்டவர்கள் 1,70,924 பேர் என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். அதில் நூற்றுக்கு ஏறக்குறைய 72 பேர் ஆண்கள். 14416 என்ற டெலிமானஸ், அதாவது அரசின் மனநல உதவி எண்ணுக்கு எந்நேரமும் பேசலாம், இலவசம், தமிழிலேயே பேசுவார்கள். தமிழ்நாட்டில் 104-க்கும் பேசலாம். போனில் அழுதால் யாருக்கும் முகம் தெரியப்போவதில்லை.

பையன் அழுதா "ஆம்பளப் புள்ள அழலாமா"ன்னு வாய்ல வந்துடுது. என்ன சொல்றது?

ஒன்றும் சொல்லாமல் மடியில் வைத்துக்கொள்ளலாம். ஏதாவது சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால், "எங்கடா வலிக்குது?" என்று கேளுங்கள்.

அடிச்சிட்டு, அப்புறம் காலைப் பிடிச்சிட்டு அழுறார் அண்ணா. ஆம்பளையே அழுறாரே, மன்னிக்கணுமா?

இதுவரை ஆண் அழலாம் என்று சொன்ன நானே இதைச் சொல்கிறேன். அழுதது மன்னிப்புக் கேட்டதாக ஆகாது. அந்த நேரத்தில் அவர் நிஜமாகவே வருந்தியிருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. பழமொழிக் கேள்விக்குச் சொன்னதுதான், அதற்குப் பிறகு என்ன செய்கிறார் என்று பாருங்கள். சிகிச்சைக்கு வருகிறாரா, குடியை விடுகிறாரா, பெரியவர்கள் முன்னால் ஒப்புக்கொள்கிறாரா? அடி, அழுகை, பிரியாணிப் பொட்டலம், மறுபடி அடி என்று வரிசை திரும்பத் திரும்ப வருகிறதென்றால், கண்ணீர் அந்த வரிசையில் ஒரு கட்டம், அவ்வளவுதான். 181 பெண்கள் உதவி எண். அவர் அழுகிற நாளிலும் கூப்பிடலாம்.

பாத்ரூம்ல குழாயைத் திறந்துவிட்டுட்டு அழுறார். எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரியாது. சொல்லிடவா?

முதல் தடவை என்றால் சொல்ல வேண்டாம். கதவையும் தட்ட வேண்டாம். அந்தக் கதவைச் சாத்திக்கொள்ள அவருக்கு உரிமை உண்டு. வெளியே வந்ததும் முகத்தை உற்றுப் பார்க்காமல் துண்டை நீட்டுங்கள். டீ போடுங்கள், எதிரே உட்காராமல் பக்கத்தில் உட்காருங்கள். ஆண்கள் எதிரெதிரே பேசுவதைவிட, வண்டியில் போகும்போதோ, முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போதோ, இருவர் பார்வையும் வேறெங்கோ இருக்கும்போதுதான் பேசுவார்கள். வார்டிலும் நான் ஊசி மருந்தை ஏற்றிக்கொண்டு, சிரிஞ்சைப் பார்த்தபடியேதான் கேட்பேன்.

தினமும் குழாய் ஓடுகிறதென்றால் மட்டும், டீயைக் கையில் கொடுக்கும்போது, "கொஞ்ச நாளா தண்ணி அதிகமா செலவாகுதுங்க" என்று சொல்லிப் பாருங்கள். புரிந்துகொள்வார்.